இடது கம்பத்தடி ஆள்

02.02.87, திங்கள்

மழை. குளிர் விட்டுவிட்டது. அதனால் ஐஸின் மேல் இடுப்பளவுக்குப் புகார், வெள்ளைப் பனிமூட்டம். எங்கள் ஐஸ் ஹொக்கி அரங்குக்குக் கூரை உண்டு, மூன்று பக்கம் சுவர் இல்லை. வெளியே கொஞ்சம் சூடு ஏறினாலும் உள்ளே வெள்ளையாக எழும்பிவிடும். பயிற்சிக்கு வந்த வீரர்களை அதைக் கலைக்கச் சொல்லி வட்டமாகச் சறுக்கவிட்டார் பெர்ன்ட். (பெர்ன்ட்: ஐஸைப் பார்த்துக்கொள்கிறவர், எனக்கு மேலாள், தும்மினால் கூரை அதிரும்.) இருபது பேர் இடுப்புக்குக் கீழே இல்லாமல் சுற்றினார்கள். சத்தம் மட்டும் முழுதாக இருந்தது.

செய்தவை: கையுறை காயவைத்தது. தண்ணீர்ப் போத்தல் கழுவியது. படிக்கட்டு கூட்டியது. இதை வேலை என்று எழுதக் கூடாது. அகதி விண்ணப்பம் முடியும்வரை இந்த ஜெர்மனியில் எங்களுக்கு வேலைத் தடை. நகரசபை “பொதுச்சேவை” என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறது. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்.

அண்ணியின் கடிதம் வந்தது. மூன்று தரம் வாசித்தேன். ஒரு பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன், கடிதத்தை இனி எடுக்க மனம் வராது:

“தம்பி, மாமி காரியத்தைச் செய்துபோட வேணும் எண்டு நிக்கிறா. உடம்பு கிடைக்காட்டிலும் தருப்பையிலை செய்யலாமாம். செய்யாட்டில் ஆத்துமா அலையுமாம். பங்குனியிலை நாள் பார்த்திருக்கு. செய்தால் நான் பொட்டை அழிக்க வேணும். அவர் இல்லையெண்டு என்ர மனம் சொல்லுதில்லை. வீட்டிலை இப்ப ஆம்பிளை நீங்கள்தான். ஒரு சொல் எழுதுங்கோ, அப்பிடியே செய்யிறன்.”

பெரியண்ணை காணாமல் போய் ஒரு வருடமும் நாலு மாதமும். கருவாடு எடுக்க மன்னார்ப் பக்கம் வள்ளத்தில் போனவர். வள்ளம் கரை ஒதுங்கியது, ஆட்கள் இல்லை. தெற்கே ஏதோ முகாமில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சிலர். கடல் கொண்டுபோய்விட்டது என்று சிலர். ஒரு சொல் எழுதட்டாம். அந்த ஒரு சொல்லை இந்த ஊரில் நான் எங்கே போய்ப் பொறுக்குவேன்?

04.02, புதன்

இன்னும் மழை. சப்பாத்தில் ஓட்டை.

ஹார்ட்முட் (இனி ஹா.) எங்கள் கோல்கீப்பர். வயது 38. ஒரு காலத்தில் பெரிய கழகங்களுக்கு விளையாடியவர், இப்போது இரண்டாம் பிரிவில் எங்கள் சின்ன நகரத்துக்கு. பருவம் முடிய இன்னும் ஐந்து ஆட்டம். அதோடு ஒப்பந்தமும் முடிகிறது. இளசுகள் பின்னால் “கிழவன்” என்கிறார்கள். அரங்கில் என்னை “ஏய்” என்று கூப்பிடாதவர் அவர் ஒருவர்தான். “நாவா” என்பார். நவரத்தினத்தில் அவ்வளவுதான் அவர் வாய்க்குள் போகும்.

இன்று அவருடைய இடது பக்கம் நின்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். எடுக்கவில்லை. முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி நின்றேன். கோபமாக்கும் என்று நினைத்தேன். “ஹார்ட்முட்” என்றதும் துள்ளி எழும்பிவிட்டார். பிறகு சிரித்துச் சமாளித்தார்.

அறைக்கு வந்து யோசித்தேன். உடுப்பு மாற்றும் அறையில், இடது பக்கம் சுவர் வருகிற மூலைதான் அவர் இடம். வேறு யாராவது உட்கார்ந்தால் சண்டை. படி இறங்கும்போது இடது கையால் சுவரைத் தடவுவார். நானும் கிழட்டுப் பழக்கம் என்று விட்டிருந்தேன்.

இடது கண்ணில் பார்வை இல்லை. எழுதிவிட்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை.

07.02, சனி

நேற்று ஆட்டம், வென்றோம். எதிரணி இடது பக்கத்தில் இருந்து மூன்று தரம் அடித்தது. ரப்பர் வட்டு வரும் வேகத்தில் எனக்குக் கண் இமைக்கக்கூட நேரம் இல்லை. மூன்றையும் பிடித்தார். அதுவும் அடிப்பவன் மட்டையை ஓங்க முன்னரே அங்கே போய்விட்டார். குருட்டுக் கண் பக்கம்! பார்த்துக்கொண்டு நின்ற எனக்குச் சந்தோசம் வரவில்லை.

இன்று உடுப்புக் காயும் அறையில் நானும் அவரும் மட்டும். கேட்டேவிட்டேன். கதவைச் சாத்தினார். போன பங்குனியில் ஒருவனின் மட்டை முனை கண்ணில் பட்டதாம். அன்று முதல் மெல்ல மெல்ல இருண்டு, இப்போது அந்தப் பக்கம் ஒன்றும் இல்லையாம். வைத்தியரிடம் காட்டவில்லை. “சொன்னால் நாளைக்கே வெளியிலை விட்டிடுவாங்கள், நாவா. பதினேழு வயசிலை இருந்து எனக்கு இது ஒண்டுதான் தெரியும்.” சொல்லமாட்டேன் என்று கை கொடுத்தேன்.

கையை விடவில்லை. “ஒண்டு கேக்கிறன், சிரிக்கக் கூடாது. என்ர இடது கம்பத்தடியிலை ஆரோ நிக்கிறது உனக்குத் தெரியுதோ?”

இல்லை என்றேன்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகையில் இருந்து ஒரு ஆள் நிற்கிறானாம். இருண்ட பக்கத்திலே, கோல் கம்பத்தோடு ஒட்டி. எப்போதும் இல்லை. வட்டு அந்தப் பக்கத்தால் வரும்போது ஆள் அசைவானாம். அவன் அசைகிற பக்கம் இவரும் பாய்வாராம். அவ்வளவுதான் வித்தை.

எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டேன்.

“ஆள்தான். மெல்லிய ஆள்.”

“காலிலை சறுக்குச் சப்பாத்து இருக்கோ?”

“இல்லை.”

“வெறுங்காலோ?”

கொஞ்சம் யோசித்தார். “ஓம், வெறுங்காலாக்கும்.”

“வெள்ளைக்காரனோ?”

“அந்தப் பக்கம் எல்லாம் இருட்டு. கறுவலாயும் இருக்கலாம்.”

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது. கேட்டுவிட்டு, கையில் இருந்த, வீரர்கள் முகம் துடைக்கும் துவாயை நாலாக மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன்.

09.02, திங்கள்

புகார் கூடுதல். காலையில் பெர்ன்ட் இடது கம்பத்தடியில் குந்தியிருந்து ஏசிக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு இடத்தில் ஐஸ் பிடிக்குதில்லை, ஒவ்வொன்றும் ஒரு பாதம் அளவு. கீழே ஓடும் குழாயில் கோளாறாம். தண்ணீர் ஊற்றி உறையவிடுவது, அடுத்த நாள் பார்த்தால் திரும்ப இளகியிருக்கும். “பழைய குழாய்” என்றார். நான் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க நினைத்தேன் என்பது உண்மை.

பயிற்சி முடிய ஹா.விடம் துவாயை என் இடுப்பில் ஊரில் ஆண்கள் கட்டும் சாரம் மாதிரிக் கட்டி, மடித்துச் செருகிக் காட்டினேன். “அந்த ஆள் இப்பிடியோ?” நல்ல கண்ணால் கனநேரம் பார்த்தார். “அப்பிடித்தான் இருக்கும்.” உடம்பு நனைந்திருக்கிறதா என்று கேட்டேன். “ஓம், நனைஞ்ச மாதிரித்தான். அவன் பக்கம் குளிர் கூடுதல்.”

வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்றும் கேட்டேன். மூத்த பிள்ளையாம்! ஊரில் களவு போன மாடு, ஓடிப்போன ஆள் எல்லாவற்றுக்கும் மை போட்டுப் பார்ப்பார்கள். வெற்றிலையில் மை தடவி, தலைப்பிள்ளை ஒன்றை இருத்தி, “என்ன தெரியுது?” என்று கேட்பார்கள். தலைப்பிள்ளைக்குத்தான் தெரியும். இந்த மனிதனுக்கு மை கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டுப் பயந்தேன். பயந்தாலும் விட மனம் இல்லை.

11.02, புதன்

அரிசி முடிந்தது. பா. அண்ணை (பாலசிங்கம், என் அறைக்காரர்) சமையல். பருப்புக்குள் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டு, கடல் பக்கத்து ஆள் நான் என்கிறார்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

பெரியண்ணைக்குச் சின்ன வயது முதல் காதில் சீழ். கடலில் சுழியோடித் திரிந்த பலன். தலையை ஒரு பக்கம் சரித்து, உள்ளங்கையால் காதடியில் தட்டிக்கொண்டே நிற்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித் தட்டி, அண்ணி உள்ளே இருந்து சிரித்தாவாம். இதை இந்த நாட்டில் நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஹா. காலுறை கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் முன்னால் நின்று, தலையைச் சரித்து, காதடியில் தட்டிக் காட்டினேன்.

அவர் கை அப்படியே நின்றது. முகம் சுண்ணாம்பு.

“உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டில் இருந்து அழுதேன். நல்ல அழுகை. கடைசியில் மூக்கைத் துடைக்க வீரர்களின் துவாய்தான் கிடைத்தது.

14.02, சனி

நேற்றும் வெற்றி. ஊர்ப் பத்திரிகையில் ஹா.வின் படம். இரண்டாம் இளமையாம்! கழகத் தலைவர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, இன்னும் ஒரு பருவம் விளையாடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். கிழவன் என்ற பொடியன்கள் இப்போது முதுகில் தட்டுகிறார்கள். ஆட்டத்தின் நடுவே அவர் இடது பக்கம் தலையாட்டியதை நான் மட்டும் கண்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையாட்டுவது மாதிரி.

இருவருக்கும் இலாபம். அவருக்கு ஆட்டம், எனக்குச் சேதி. கண்ணைக் காட்டச் சொல்லி நான் ஒருநாளும் அவருக்குச் சொல்லவில்லை. கண் சுகமானால் ஆள் போய்விடுவான் என்று பயம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இந்தக் கொப்பியில் பொய் எழுதி என்ன பலன்.

15.02, ஞாயிறு

அண்ணிக்கு எழுதினேன். நாலு தாள் கிழித்து, கடைசியில் நாலே வரி. “காரியத்தைச் செய்யுங்கோ. எனக்குத் தெரியவந்து விட்டது. எப்படி என்று கேட்க வேண்டாம். மனதைத் தேற்றுங்கோ.” உறையில் போட்டு ஒட்டினேன். முகவரி எழுதினேன். முத்திரையும் ஒட்டினேன்.

தபால் பெட்டி வரை போனேன். பெட்டி வாயில் கடிதத்தை வைத்தேன். விடவில்லை. ஈரச் சாரமும் காதும் போதுமா, ஒரு பெண்ணின் பொட்டை அழிக்க? ஒன்றே ஒன்று வேண்டும். பெயர். அந்த ஆள் தன் வாயால் பெயரைச் சொன்னால் போட்டுவிடுவேன். கடிதம் என் சட்டைப் பைக்குள்.

18.02, புதன்

ஹா.வைக் கேட்டேன், வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அந்த ஆளின் பெயரைக் கேட்கச் சொல்லி.

“நான் அவனை நேரை பாத்ததே இல்லை, நாவா. ஓரத்திலை விட்டால்தான் நிப்பான். கேக்கிறதெண்டால் தலையைத் திருப்ப வேணும். திருப்பினால் நல்ல கண் ஆட்டத்தை விட்டிடும்.”

“வட்டு அங்காலை போயிருக்கேக்கை கேளுங்கோ. ஒருக்கா மட்டும்.”

“பயிற்சியிலை அவன் வாறேல்லை. ஆட்டத்திலைதான் வாறான்.”

“ஒருக்கா.”

என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை. சரி என்றார். அவருக்கு என்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். இடது கம்பத்தடியில் பெர்ன்ட் மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

21.02, சனி

எழுத்துக் கோணல்.

நேற்று புகார் நிற்கவே இல்லை. இரண்டு தரம் ஆட்டத்தை நிறுத்திச் சுற்றவிட்டார்கள். இரண்டாம் பகுதி. வட்டு தூரத்துக் கோலடியில். ஹா. கம்பத்தில் சாய்ந்து, மெல்லத் தலையை இடது பக்கம் திருப்பினார். முழுதாக. முகக் கம்பிக்குள் வாய் அசைந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். ஆட்டம் திரும்பியதைக் காணவில்லை. யாரோ ஒருவன் நடுக்கோட்டில் இருந்தே அடித்திருக்கிறான்.

வலது நெற்றிப் பக்கம். தலைக்கவசத்தில் பட்ட சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. விழுந்தவரைப் புகார் மூடிவிட்டது. கொஞ்ச நேரம் அவர் எங்கே கிடக்கிறார் என்றே தெரியவில்லை. ஓடிப்போனவர்கள் காலால் தேடினார்கள்.

நான்தான் செய்தேன்.

22.02, ஞாயிறு

பா. அண்ணையிடம் எல்லாம் சொன்னேன். அவர் ஊரில் கோர்ட்டில் கிளாக்காக இருந்தவர். வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கத்தியை வைத்தார்.

“வெறுங்கால் எண்டு முதல் சொன்னது ஆர்? அவனோ, நீயோ?”

“அவர்தான்.”

“வடிவாய் யோசிச்சுச் சொல்லு.”

இந்தக் கொப்பியை எடுத்தேன். ஏழாம் திகதி. வெறுங்காலோ என்று கேட்டது நான். நிறம் கேட்டது, நான். சாரம், நான், துவாயைக் கட்டிக் காட்டினேன். ஈரம், நான். காது, நான் ஆடியே காட்டியிருக்கிறேன். அந்த மனிதன் தானாகச் சொன்னது: ஆள், மெல்லிய ஆள். அவ்வளவுதான்.

“எட தம்பி, சாட்சியின்ர வாயிலை நீயே வைச்சுக் குடுத்துப்போட்டு, சாட்சி சொல்லிச்செண்டுறியோ? எந்த நீதவான் இதை எடுப்பார்? மை பாக்கிறவனும் உப்பிடித்தான். ‘மாடு வெள்ளையோ, கொம்பு வளைஞ்சதோ’ எண்டு கேட்டுக் கேட்டுப் பிள்ளையைக்கொண்டு சொல்லுவிப்பான். பிள்ளை பாவம், ஓம் எண்டும்.”

“காதைத் தட்டினதுக்கு ஏன் பயந்தவர்?”

பா. அண்ணை வெங்காயத்தை எடுத்தார். “அது எனக்குத் தெரியேலை” என்றார்.

24.02, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இரண்டு பஸ். தோடம்பழம் கொண்டுபோனேன்.

வாசலில் இளம் டாக்டர். நான் யார் என்று கேட்டார். அரங்கில் போத்தல் கழுவுகிறவன் என்றேன். வலது கண் தப்பிவிடுமாம். இடது கண் எப்போதோ முடிந்துவிட்டதாம், இவ்வளவு நாள் எப்படி விளையாடினார் என்று கேட்டார். கம்பத்தடி ஆளைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. பார்வை போகிறவர்கள் சிலருக்கு இப்படித் தெரியுமாம். மனிதர்கள், குழந்தைகள், பூக்கள். மூளை தானே கீறிக்கொள்வதாம். அவர்கள் பேசமாட்டார்களாம். எனக்கு விளங்கிய ஜெர்மன் இவ்வளவுதான், இதுவே போதும்.

ஹா. இரண்டு கண்ணும் கட்டி, நிமிர்ந்து கிடந்தார். காலடிச் சத்தத்தைக் கொண்டே என்னை அடையாளம் கண்டார். இனி விளையாட்டு இல்லை என்று கழகம் சொல்லிவிட்டது.

“கேட்டனான், நாவா. அவன் பதில் சொல்லேல்லை. ஜெர்மன் விளங்காதாக்கும்.” பிறகு குரலைக் குறைத்தார். “கட்டிலின்ர கால்மாட்டிலை நிக்கிறான். உங்கட பாசையிலை எப்பிடிக் கேக்கிறதெண்டு சொல்லித் தா.”

கால்மாட்டைப் பார்த்தேன். இரும்புக் கட்டில், வெப்பநிலை எழுதிய அட்டை, சுவர். நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. சொல்லிக் கொடுத்தால் இவர் கூப்பிடுவார், நானும் காத்திருப்பேன், காலம் முழுக்க.

“அங்கை ஒருத்தரும் இல்லை, ஹார்ட்முட்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெறுங்கால், சாரம், காது, அண்ணி, பைக்குள் இருக்கும் கடிதம். “அது என்ர அண்ணன். நான்தான் கொண்டுவந்து அங்கை நிப்பாட்டினனான். என்னாலைதான் உங்களுக்கு அடி. மன்னியுங்கோ.”

அவர் கோபித்து ஏசினால் நல்லாயிருக்கும் போல இருந்தது. ஏசவில்லை. கையைத் துழாவி என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“சரி, அது உன்ர அண்ணன். அப்ப நத்தாரிலை இருந்து என்னோடை நிண்டவன் ஆர்?”

தோடம்பழத்தை உரித்து, கைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

26.02, வியாழன்

மழை விட்டிருக்கிறது. பழைய கடிதத்தைக் கிழித்தேன். முத்திரை போச்சு.

புதிது: “அண்ணி, எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. இரண்டு கண்ணாலும் பார்த்த ஒருவர் வந்து சொல்லும் வரைக்கும் பொட்டை அழிக்க வேண்டாம். அம்மா கேட்டால் தம்பிதான் மறித்தவன் என்று சொல்லுங்கோ. ஏச்செல்லாம் எனக்கு வரட்டும்.” இந்த முறை பெட்டி வாயில் யோசிக்கவில்லை. போட்டுவிட்டேன்.

அரங்கில் இன்று பயிற்சி இல்லை, ஆனால் புகார் நெஞ்சளவு. மத்தியானம் பள்ளிப் பிள்ளைகள் சறுக்க வருவார்கள். பெர்ன்ட் ஒரு போர்வையைத் தந்து, “வீசிக்கொண்டு நட, கலையும்” என்றார். சறுக்கத் தெரியாத நான் சப்பாத்தோடு இறங்கினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. வீசின இடம் கொஞ்சம் வெளித்து, பின்னால் மூடிக்கொண்டே வந்தது. மூன்றாம் சுற்றில் இடது கம்பத்தடியில் கால் நின்றுவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. குளிர் மட்டும் கூடுதல். பெர்ன்ட் தூரத்தில் ஏதோ கேட்டார்.

கம்பத்தைப் பார்த்து, சத்தமாகத் தமிழில் சொன்னேன்:

“வீட்டை போங்கோ, பெரியண்ணை. அண்ணி முழிச்சிருக்கிறா.”